பித்தநீர் கேட்டு நின்றவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் கேட்காத ஆளும் கிடையாது, கேட்காத பொருளும் கிடையாது. கேன்டீனில் ஐஸ்கிரீம் வந்து இறங்கிய தெர்மோகோல் பெட்டியைக் கேட்பார். ரத்த வங்கிக்காரர்களிடம் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு இடம் கேட்பார். வேலைக்கு ஆகாதென்று ஓரங்கட்டிய லேப்டாப்பைக் கம்ப்யூட்டர் பிரிவில் போய்க் கேட்பார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கே வந்து, நோயாளியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பித்தநீரைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டார் பாருங்கள், அப்போதுதான் இந்த அம்மாவுக்கு ஏதோ கோளாறு என்று நான் முடிவு கட்டினேன்.

நான் தியேட்டர் டெக்னீஷியன். வீடு பெங்களூர் ஜீவனஹள்ளியில். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே வேண்டியதை எடுத்து வைத்துவிடுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதனாலோ என்னவோ, கேட்கிற மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வளர்ப்பும் அப்படி. ஒருத்தர் வாசலில் போய் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். லீவு கேட்கக் கூச்சப்பட்டு என் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை டூட்டி பார்த்தவன் நான்.

அவர் கிருமி டாக்டர். பேஸ்மென்டில், சலவைப் பிரிவுக்கு அடுத்தாற்போல் லேப். பொதுவாக அந்த லேப் டாக்டர்களை மாடியில் இருக்கும் எங்களுக்கு முகம்கூடத் தெரியாது; ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்தாகத்தான் தெரியும். இவர் மட்டும் படியேறி வருவார். குள்ளமான ஆள், காட்டன் புடவை, காலில் ஓடுவதற்குப் போடுகிற ஷூ. லிஃப்டுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. இப்போது அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை, கல்புர்கிப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே யார் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் எப்படியாவது அவர் காதுக்குப் போய்விடும், உடனே போனைப் போட்டு என்னிடம் ஏதாவது கேட்பார்.

மற்றவர்கள் கேட்பதற்கும் அவர் கேட்பதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நமக்கு இல்லை என்று சொன்னால் முகம் சுருங்கிப் போய்விடுவோம், அல்லது சண்டை பிடிப்போம். அவர் இரண்டும் செய்யமாட்டார். இரண்டாம் தடவை கேட்கவும்மாட்டார். கேட்டுவிட்டு அப்படியே நிற்பார். முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி சாதாரணமாக நிற்பார். நாம் நம் வேலையைப் பார்க்கலாம், போன் பேசலாம், திரும்பினால் அவர் அங்கேயே இருப்பார். கடைசியில், இந்த அம்மாள் நகர்ந்தால் போதும் என்று கொடுத்துவிடுவோம். வார்டு சிஸ்டர்கள் அவர் ஷூ சத்தம் கேட்டதுமே ஸ்டோர் ரூமுக்குள் போய் ஒளிந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். காலேஜ் படித்த காலம் முழுவதும் தங்கவயலிலிருந்து தினம் ரயிலில் பெங்களூர் வந்து போனாராம். நெரிசலில் இடம் கேட்டுக் கேட்டுப் பழகின வாய் இது என்று அவரே சொல்வார். அதைச் சொல்லும்போது வெட்கமெல்லாம் இருக்காது.

அன்றைக்கு அவர் பித்தநீர் கேட்டது எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணையத்தின் தலைப்பக்கம் கட்டி வந்தால், அதை ஒட்டி ஓடும் பித்தக்குழாய் நசுங்கிவிடும். கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும். பலருக்கு முதலில் அந்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பித்தநீரை வடிய விடுவார்கள். மஞ்சள் இறங்கிய பிறகுதான் ஆபரேஷன். ஆனால் பித்தநீர் இறங்கும் அதே வழியில் குடலில் இருக்கிற கிருமிகள் மேலேறிப் போய்க் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். ஆபரேஷனில் பித்தக்குழாயை வெட்டும்போது அந்தப் பித்தநீர் கொஞ்சமாவது வயிற்றுக்குள் சிந்தும். அதற்காகக் கத்தி வைப்பதற்கு முன்பே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவோம். யார் வந்தாலும் அதே ஊசிதான்.

அந்த மருந்துக்கு அடங்குகிற கிருமியாக இருந்தால் தப்பித்தோம். அடங்காத கிருமியாக இருந்தால் நாலைந்து நாளில் குளிர்ஜுரம் வரும். உள்ளே சுரப்பது வடிவதற்காக வயிற்றில் வைத்த டிரெயின் குழாயில் வரும் நீர் கலங்கிப் போகும். தைத்த இடம் விட்டுக்கொடுக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எங்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்ட குடும்பம், திரும்ப ஐ.சி.யூ. வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த முகங்களைத் தாண்டித்தான் நான் சாப்பிடப் போகவேண்டும். பெரிய ஆபரேஷன், இப்படியும் சிலருக்கு ஆகும் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பித்தநீரில் இருக்கும் கிருமியைக் கல்ச்சர் என்று தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்ல மூன்று நாலு நாளாகும். அதற்குள் ஆகவேண்டியது ஆகிவிடும். அவரிடம் ஒரு மிஷின் இருந்தது, செல்போனைவிடச் சின்னது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு இரவல் வாங்கி வந்தது. பித்தநீரில் இருக்கும் கிருமிகளின் மரபணுவைப் பிரித்து அதற்குள் விட்டால், அது எழுத்து எழுத்தாகப் படித்து லேப்டாப்பில் காட்டும். உள்ளே இருப்பது எந்தக் கிருமி, எந்தெந்த மருந்தை எதிர்த்து நிற்கிற சங்கதி அதன் மரபணுவிலேயே இருக்கிறது என்று சொல்லிவிடும். காலையில் பித்தநீர் கிடைத்தால் மதியத்துக்கு மேல் பதில் வந்துவிடும். இந்த ஆபரேஷனோ காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை போகும். நோயாளி டேபிளில் இருக்கும்போதே சரியான மருந்தை மாற்றிப் போடலாம் என்பது அவர் கணக்கு.

எனக்கு இது எதுவும் அன்று தெரியாது. சாரைக் கேட்காமல் தர முடியாது என்றேன். சார் என்றால் எங்கள் பெரிய சர்ஜன். கன்னடக்காரர், என்னோடு தமிழில் பேசுவார். கை அப்படியொரு கை, வாய் அப்படியொரு வாய். அவர் வெளியே வந்ததும் இந்த அம்மா கேட்டார். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் சொல்லுங்கள், மிஷின் ஜோசியமெல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு சார் போய்விட்டார். இவர் நின்றார். அடுத்த கேஸுக்கு சார் வந்தபோதும் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரமும் வந்து நின்றார். எப்படியும் சக்‌ஷன் பாட்டிலில் உறிஞ்சிக் கொட்டப்போகிற தண்ணிதானே, கொடுத்துத் தொலைங்கப்பா என்று சார் என்னைப் பார்த்துச் சொன்னது அதற்குப் பிறகு.

அப்படித்தான் நான் அவருக்குப் பித்தநீர் எடுத்துக் கொடுப்பவனாக ஆனேன். குழாயை வெட்டியதும் முதலில் வருவதை சிரிஞ்சில் எடுத்து மூடி, கதவுக்கு வெளியே நீட்டுவேன். அவர் ஐஸ்கிரீம் பெட்டியோடு நிற்பார். வேறு யாரையாவது அனுப்பலாமே என்றால், வழியில் எங்கேயாவது வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்பார். வாங்கியதும் படியிறங்கி ஓடுவார். புடவை கட்டிக்கொண்டு அவ்வளவு வேகமாக ஓடுகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் ஒரு பெரிய கூத்து நடந்தது. அடுத்தடுத்து வந்த நோயாளிகள் எல்லோருக்கும் பித்தநீரில் ஒரே கிருமி இருப்பதாக மிஷின் காட்டியது. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தியேட்டரிலேயே எங்கோ இந்தக் கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று மாடி மாடியாகச் சொன்னார். தியேட்டரைக் கழுவிக் கழுவி எங்களுக்குக் கை தேய்ந்தது. சாரும் பாதி மனதோடு ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றி, கடுமையான ஒன்றைப் போட்டார். பிறகு ஒருநாள் இவருக்கே சந்தேகம் வந்து, பித்தநீர் இல்லாமல் வெறும் சுத்தத் தண்ணீரை அதே மாதிரி பக்குவம் செய்து மிஷினில் விட்டிருக்கிறார். தண்ணீரிலும் அதே கிருமி வந்தது. லேப்பில் பயன்படுத்திய மருந்துத் திரவம் ஒன்றில் எப்போதோ செத்துப்போன கிருமியின் மிச்சம் இருந்திருக்கிறது. உயிரோடு இருப்பதா, செத்ததா என்று மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் படித்துவிடும்.

வேறு யாராவது இருந்தால் சத்தம் காட்டாமல் திரவத்தை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. இவர் மாடி மாடியாகத் திரும்ப ஏறினார். சாரிடம், மயக்க டாக்டரிடம், சிஸ்டர்களிடம், தியேட்டரைக் கழுவிய ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களிடம், என்னிடம், ஒவ்வொருவராகத் தேடிவந்து தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். பெட்டி கேட்ட அதே குரலில்தான் மன்னிப்பும் கேட்டார். பதில் வரும்வரை அதற்கும் நின்றார். சார் மட்டும் இறங்கி வரவில்லை. இனிமேல் பித்தநீர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மிஷின் பேச்சைக் கேட்டு என் நோயாளிக்கு மருந்து மாற்றமாட்டேன் என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

மருந்து மாற்றிய அந்த நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார். விவேக் நகரில் ஏசு கோயிலுக்குப் பின்னால் வீடு. எனக்கு அந்தப் பக்கம் பழக்கம் என்று தெரிந்து, அவரிடமும் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும், துணைக்கு வரமுடியுமா என்று மேடம் என்னைக் கேட்டார். வரமுடியாது என்று சொன்னேன். பிறகு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த ஆள் தையல் கடை வைத்திருந்தவர். நாங்கள் போனபோது தட்டில் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டு, சாப்பிட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே டாக்டர் வந்ததும் அவர் மனைவி பயந்து போய் ஏசுவே என்று சுவரில் சாய்ந்துவிட்டார். இவர் நேரே விஷயத்துக்கு வந்தார். உங்களுக்குத் தேவையில்லாத கடுமையான மருந்தைப் போட்டுவிட்டோம், அதற்குக் காரணம் என் தப்பு, என்றார். தையல்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். அதனால்தான் இந்த வயிற்றுப்போக்கா என்று கேட்டார். இருக்கலாம் என்று இவர் சொன்னார். "இருக்கட்டும் மேடம். வீடு தேடி வந்து சொன்னீங்களே. எங்க கடையில துணி கெட்டுப்போனா நானே சொல்லமாட்டேன்" என்று அவர் சிரித்தார்.

 வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பலாம் என்று நான் செருப்பைத் தேடும்போது இவர் திரும்பி, இன்னும் போக்கு நிற்கவில்லை என்கிறீர்களே, ஒரு டப்பா கொடுத்தால் நாளைக்குக் காலையில் கொஞ்சம் பிடித்து வைக்கமுடியுமா, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மலம் கேட்ட டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். ஆட்டோவில் வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் அந்த டப்பாவால்தான் தையல்காரருக்குக் குடலில் வந்திருந்த தொந்தரவு தெரிந்து, மருந்து கொடுத்து, போக்கும் நின்றது.

அன்று ஆட்டோவில்தான் அவரிடம் கேட்டேன், இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நிக்கிறது உங்களுக்கு ஒருமாதிரியா இல்லையா மேடம் என்று. சிக்னலில் நின்றிருந்தோம். அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பா யாரையும் ஒண்ணும் கேட்கமாட்டாருண்ணா. மூச்சு வாங்கும். படி ஏறமுடியாது. தெருவுல ஒரு டாக்டரு, இருமல்னு யார் போனாலும் ஒரே மருந்துதான் ஊத்திக் குடுப்பாரு. அப்பா அதைக் குடிச்சிக்கினே இருந்தாரு. எனக்கு இன்னா வியாதி, இந்த மருந்து எதுக்குன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கலை. கௌரவமா செத்துப்போனாரு."

 எங்கள் வீட்டையே அவர் பார்த்துவிட்டு வந்து பேசுவது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி மற்றவர்கள் கிண்டல் பேசினால் நான் சேர்ந்து சிரிப்பதில்லை.

எல்லோருக்கும் அவர் மேல் பிரியம் என்று சொல்லிவிடமுடியாது. ஒருநாள் ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு உடம்பு மோசமான நேரத்தில், டிரெயின் நீரைக் கேட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டார். அந்த மனிதரின் மகள், எங்கப்பா உங்களுக்கு என்ன சோதனைச் சாமானா என்று கத்தினாள். அவள் கத்தியது நியாயம்தான். இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.  போகும்போது பெட்டியில் ஒன்றுமில்லாமல்தான் போனார். ஆனால் அடுத்த கேஸுக்குத் திரும்ப வந்துவிட்டார். அவர் மனதில் அந்தப் பெண்ணின் பேச்சு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதன்பிறகு பித்தநீர் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு நோயாளியிடமும் போய் உட்கார்ந்து, எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்க ஆரம்பித்தார்.

தண்ணீர் விஷயத்துக்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நோயாளியின் பித்தநீரோடும் கூடவே வெறும் தண்ணீரையும் ஓட்டிப் பார்ப்பார். தண்ணீரில் ஏதாவது வந்தால் அன்றைய பதிலைத் தூக்கிப் போட்டுவிடுவார். தண்ணீரில் ஒன்றும் வராமல் பித்தநீரில் மட்டும் வந்தால் எழுதி சாருக்கு அனுப்புவார். சார் அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். பிறகு கல்ச்சர் வரும், பெரும்பாலும் மிஷின் சொன்னதையே சொல்லும். அதற்குள் சிலருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் அக்காவுக்குக் கண் மஞ்சளானது.

அக்கா ஆனேக்கலில் இருக்கிறாள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர், வாய் ஓயாது. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கவைத்தவள். அரிப்பு தாங்காமல் அவளும் மாமாவும் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு குளிர்ஜுரம் வந்து, ஊசி மேல் ஊசியாகப் போட்டு இறக்கியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பிக்கு எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டாளாம். ஸ்கேனைப் பார்த்த சார், கட்டி சின்னதாகத்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம், பிழைத்துவிடுவாள் என்று என் தோளைத் தட்டினார்.

கட்டியைப் பற்றி எனக்குப் பயமில்லை. சார் கையை எனக்குத் தெரியும். எனக்கு அதற்குப் பிந்தைய நாலைந்து நாள்தான் பயம். ஸ்டென்ட், அதன்மேல் காய்ச்சல், அதற்கு விதவிதமாக ஊசி. அத்தனைக்கும் தப்பி அவள் பித்தநீரில் ஏதாவது உட்கார்ந்திருந்தால், அது சாதாரண மருந்துக்கு அடங்குகிற ஜாதியாக இருக்காது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி வழக்கப்படி சொந்தக்காரர் கேஸில் தியேட்டருக்குள் நிற்க விடமாட்டார்கள். அக்கா உள்ளே போனதும் நான் வெளியே உடை மாற்றும் அறைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பித்தநீரை வேறொரு டெக்னீஷியன் எடுத்துக் கொடுத்தான். இவர் வாங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். 

மதியம் தாண்டித் திரும்ப வந்தார். படியேறி வந்த மூச்சு வாங்கியது. தியேட்டர் கதவருகே நின்று உள்ளே சொல்லி அனுப்பினார். பித்தநீரில் கிருமி இருக்கிறது, இப்போது போட்டிருக்கும் மருந்து அதற்கு வேலை செய்யாது, வேறு இன்ன மருந்து வேலை செய்யும், வயிற்றை மூடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார். கல்ச்சர் வரட்டும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இவர் நின்றார்.

ஆனால் அன்றைக்கு நிற்கிறவர் முகம் வழக்கம்போல இல்லை. கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்தார்.

"அண்ணா, நான் கேட்டுட்டேன். ஒரு தடவை தப்பாச் சொன்னவ நான், அவர் நம்பாதது தப்பில்லை. நான் இங்கேயே நிப்பேன். ஆனா நான் நிக்கிற நேரம் உங்க அக்காவுக்கு இல்லை. நீங்க போய்க் கேளுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், உள்ளே கிடப்பது என் அக்கா, அப்படியும் என் கால் வரவில்லை. இத்தனை வருஷத்தில் சாரிடம் நான் எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. அவர் வேலையில் போய் வாய் வைக்க நான் யார் என்று ஒரு பக்கம், மறுத்துவிட்டால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு பக்கம். இவர் என்னை அவசரப்படுத்தவில்லை. என் எதிரில் நின்றார். என்னிடமே நிற்கிறார் என்று புரிந்தபோது எழுந்து மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

சார் தலை நிமிரவில்லை. கை அக்காவின் வயிற்றுக்குள் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், எங்க அக்கா சார். அந்த மேடம் சொல்ற மருந்தைப் போடுங்க சார்."

 மானிட்டர் சத்தம் மட்டும் கேட்டது. நான் போகவில்லை. இரண்டாம் தடவை கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து சார் தையலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"தண்ணி ஓட்டிப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க சார். எப்பவும் பார்ப்பாங்க."

"என்ன வந்துச்சு?"

கதவுப் பக்கம் திரும்பி, தண்ணியில என்ன மேடம் என்று குரல் கொடுத்தேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை விரித்து அசைத்தார்.

"ஒண்ணும் வரலை சார்."

சார் மயக்க டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மருந்து ஏறத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் இல்லை, அதற்குள் கீழே போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். டூட்டி நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி வார்டுக்கு ஓடுவேன். அக்காவின் நெற்றியைத் தொடுவேன். டிரெயின் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். என்னடா எப்போ பார்த்தாலும் பையையே பார்க்கிற, என் முகத்தைப் பாரேன் என்று திட்டுவாள். நீர் தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. காய்ச்சல் வரவில்லை. வரவேண்டிய நாள் வந்து, அதுவும் போனது. அன்று சாயங்காலம் லேப்பிலிருந்து போன் வந்தது, கொஞ்சம் கீழே வரமுடியுமா என்று மேடம் கேட்டார்.

மேஜை மேல் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு இருந்தது. அக்காவின் பித்தநீரிலிருந்து வளர்த்த கிருமி தட்டு முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி படர்ந்திருந்தது. நடுநடுவே பொட்டு அளவில் வெள்ளைக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. அவர் பேனா மூடியால் ஒரு வில்லையைக் காட்டினார். அதைச் சுற்றி நல்ல அகலத்துக்கு வட்டமாக ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டது போல் இருந்தது. அக்காவுக்கு மாற்றிப் போட்டது இது என்றார். பிறகு மூடியைப் பக்கத்து வில்லைக்கு நகர்த்தினார். அதைச் சுற்றி வட்டமே இல்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி வந்து மொய்த்திருந்தது.

"இது நாம எல்லாருக்கும் போடுறதுண்ணா" என்றார்.

நான் அந்த இரண்டாவது வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்தை எத்தனை பேருக்கு ஏற்றத் தயாராக எடுத்து வைத்திருக்கிறேன். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த வரிசையில் மாமாவும் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது.  அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக மூடினார். சாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார், அடுத்த கேஸிலிருந்து பதில் வந்ததும் நேரே உள்ளே வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றார். அதைச் சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, அக்கா உடம்பிலிருந்து எடுத்த பழைய ஸ்டென்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா, இருந்தால் கேட்டு வாங்கித் தரமுடியுமா என்றார்.

கேட்டுத் தருகிறேன் மேடம் என்றேன். லிஃப்ட் வர நேரமானது, படியிலேயே ஏறினேன்.

அக்கா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எங்கடா போய்த் தொலைஞ்ச, இவர் போட்ட காபி வாயில வைக்க முடியலை, நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாடா என்றாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மாமாவுக்கு முன்னால், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு முன்னால், யூனிஃபார்மோடு நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா பதறி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா அழுவுற? எனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே" என்றாள்.